61 நாள் மீன்பிடித் தடையும் நமது கடைக் கணக்கும்

சித்திரை முதல் நாளில் நம்மில் பலர் புதுக் கணக்குப் போடுகிறோம். அதற்கு மறுநாள், ஏப்ரல் 15ஆம் தேதி, தமிழகத்தின் கிழக்குக் கரை நெடுக விசைப்படகுகள் துறைமுகங்களில் கட்டப்பட்டு விடுகின்றன. ஜூன் 14 வரை அவை கடலுக்குப் போவதில்லை. ஏப்ரலில் 16 நாள், மே மாதம் 31 நாள், ஜூனில் 14 நாள், ஆக மொத்தம் 61 நாள்.

"மீன் விஷயம் மீன்காரருக்கு, மளிகைக்காரருக்கு என்ன?" என்று வணிகப் பெருமக்கள் சிலர் கேட்கக்கூடும். நம்மில் மீனைத் தொடாத சைவர்களும் நிறைய உண்டு. அவர்களும் இதைப் படிக்கலாம். இது சமையலைப் பற்றிய கட்டுரை அல்ல, கணக்கைப் பற்றியது. கோவளம் முதல் கல்பாக்கம் வரையிலுள்ள கடற்கரை ஊர்க் கடைக்காரர்கள் பலர் நீண்ட காலமாகக் காஞ்சிபுரத்து மொத்தக் கடைகளில்தான் சரக்கு எடுக்கிறார்கள். 2019ஆம் ஆண்டு நவம்பரில் செங்கல்பட்டு தனி மாவட்டமானபோது கடற்கரை முழுவதும் அந்தப் பக்கம் போய்விட்டது. ஆனால் மாவட்ட எல்லை மாறியதால் கொடுக்கல் வாங்கல் மாறிவிடவில்லை. அந்த ஊர்களில் ஏப்ரல், மே மாதங்களில் ஏற்படும் பணமுடை ஜூனில் நம் பற்று வரவு ஏட்டில் தெரிகிறது.

ஆகவே இந்தத் தடை எதற்காக, இதன் செலவு யார் தலையில் விழுகிறது, நாம் செய்ய வேண்டியது என்ன என்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

தடையின் விவரம்

தமிழ்நாடு கடல் மீன்பிடிப்பு ஒழுங்குமுறைச் சட்டம் 1983ஆம் ஆண்டு வந்தது. அந்தச் சட்டத்தின் கீழ்தான் ஆண்டுதோறும் தடை அறிவிக்கப்படுகிறது. நமது மாநிலத்தில் இது 2001இல் தொடங்கியது. அப்போது 45 நாள். 2017 முதல் 61 நாள் ஆக்கப்பட்டது. திருவள்ளூர் மாவட்டத்திலிருந்து கன்னியாகுமரியின் கிழக்குப் பகுதி வரை ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலும், குமரி மாவட்டத்தின் மேற்குக் கரைக்கு ஜூன் 1 முதல் ஜூலை 31 வரையிலும் தடை. மேற்குக் கடலில் தென்மேற்குப் பருவமழைக் காலத்தை ஒட்டி அமைத்திருக்கிறார்கள். இதனால்தான் நம் பக்கம் தடை இருக்கும்போது கேரளத்திலிருந்து மீன் வருகிறது. அவர்களுக்குத் தடை வரும்போது நம் படகுகள் புறப்பட்டு விடுகின்றன.

தடை எல்லோருக்கும் அல்ல என்பதைக் கவனிக்க வேண்டும். இது விசைப்படகுகளுக்கும் இழுவைப்படகுகளுக்கும் உரியது. கட்டுமரம், நாட்டுப்படகு ஆகியவை கரையோரத்தில் தொழில் செய்யலாம். கடன் கொடுக்கும் கடைக்காரருக்கு இந்த வேறுபாடு முக்கியம். அதற்குப் பின்னால் வருகிறேன்.

காரணம் என்ன?

சினை மீன் முட்டையிட வேண்டும், முட்டை பொரித்த குஞ்சு வளர வேண்டும். அதற்கு ஓர் அவகாசம் தருவதுதான் தடையின் நோக்கம்.

நமது ஊர்க்காரருக்கு இதை விளக்கப் பட்டைவிட நல்ல உதாரணம் இல்லை. பட்டுப்புழு கூடு கட்டியதும் அதை வெந்நீரில் இட்டு நூலெடுக்கிறார்கள். ஆனால் எல்லாக் கூட்டையும் அப்படிச் செய்வதில்லை. அடுத்த வளர்ப்புக்கு முட்டை வேண்டுமே! அதற்காக ஒரு பகுதியை விதைக்கூடு என்று ஒதுக்கி, அந்துப்பூச்சி கூட்டைத் துளைத்து வெளியே வந்து முட்டையிட விடுகிறார்கள். துளைத்த கூட்டில் நீளமான இழை எடுக்க முடியாது. அது தெரிந்த நஷ்டம். அந்த நஷ்டத்துக்கு ஒப்பாவிட்டால் மறு வளர்ப்புக்குப் புழு இல்லை, தறிக்கு நூல் இல்லை. விதைநெல்லும் இதே கணக்குத்தான். கடலில் உள்ள சினை மீன் நமக்கெல்லாம் பொதுவான விதைக்கூடு.

எல்லா மீனும் இந்த 61 நாளில்தான் முட்டையிடுகிறது என்று நினைத்துவிடக் கூடாது. நம்முடையது வெப்பக் கடல். பல மீன்கள் ஆண்டில் பல மாதங்கள் முட்டையிடுகின்றன, ஒவ்வோர் இனத்துக்கும் உச்சக் காலம் வேறு. அப்படியானால் தடையால் என்ன பயன் என்று கேட்கலாம். இழுவைமடி கடலடியை வழித்துக்கொண்டு போகிறது. பெரிய மீனோடு, விலை போகாத குஞ்சு குறுமான்களும் மடியில் ஏறிவிடுகின்றன. இவற்றைத்தான் கழிசல் என்று அள்ளி, கருவாட்டுத் தூளுக்கும் கோழித் தீவனத்துக்கும் அனுப்புகிறார்கள். அந்த மடி இரண்டு மாதம் கரையில் கிடந்தால், முட்டையிடும் மீனும் பிழைக்கிறது, முன்னமே பொரித்த குஞ்சும் ஒரு சுற்றுப் பெருக்கிறது. பத்துக் கிராம் குஞ்சாகக் கழிசலில் போக வேண்டியது சில மாதம் கழித்து நல்ல எடையில் தராசு ஏறுகிறது. வட்டி என்றால் இதுதான் வட்டி.

கொடுவாவின் விசித்திரம்

முட்டையிடும் மீனை விட்டு வைப்பது ஏன் முக்கியம் என்பதற்குக் கொடுவா மீன் ஒன்றே போதும். பழவேற்காடு ஏரி, முட்டுக்காடு கழிமுகம் போன்ற உப்பு நீரும் நல்ல நீரும் கலக்கும் இடங்களில் வாழும் மீன் இது. நல்ல விலை போகும். ஆற்றிலும் காயலிலும் வளர்ந்தாலும், முட்டையிடுவதற்கு உப்பு மிகுந்த கடல் பக்கம்தான் இறங்கும்.

இதன் பிறவி விசித்திரமானது. கொடுவா முதலில் ஆணாகவே பருவமடைகிறது. சில ஆண்டுகள் ஆணாக இருந்துவிட்டுப் பிறகு பெண்ணாக மாறுகிறது. பொதுவாக நாலு கிலோவைத் தாண்டிய பெரிய மீன்கள் பெண்ணாகவே இருக்கும். ஒரு பெரிய தாய் மீன் பல இலட்சம் முட்டையிடும். ஆகவே பெரிய கொடுவாவாகப் பார்த்துப் பிடித்துக்கொண்டே போனால், கடலில் மீதி இருப்பவை எல்லாம் ஆண் மீன்களே. எண்ணிக்கையைப் பார்த்தால் மீன் இருப்பது போலத் தெரியும், ஆனால் முட்டையிட ஆள் இருக்காது. இருப்பு ஏட்டில் நூறு மூட்டை என்று எழுதியிருந்து, கிடங்கைத் திறந்தால் வெறும் சாக்காக இருப்பதைப் போன்றது இது.

சென்னையிலுள்ள மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிலையம் 1987இல் தொடங்கப்பட்டது. அதன் சோதனைப் பண்ணை நமக்கு அருகிலுள்ள முட்டுக்காட்டில் இருக்கிறது. அங்கே 1997ஆம் ஆண்டு, ஹார்மோன் ஊசி போட்டுத் தொட்டியிலேயே கொடுவாவை முட்டையிடச் செய்து குஞ்சு பொரிக்க வைத்தார்கள். இந்தியாவில் அதுவே முதல் தடவை. முட்டை ஒரு நாளுக்குள் பொரித்துவிடும். அதற்குப் பிறகுதான் பாடு. குஞ்சுகளில் பெரியது சிறியதை விழுங்கிவிடும். நாம் மிளகைச் சல்லடையில் சலித்துத் தரம் பிரிப்பது போல, அடிக்கடி அளவு பார்த்துப் பிரித்துக்கொண்டே இருக்க வேண்டும். இவ்வளவு பாடுபட்டு மனிதன் தொட்டியில் செய்கிற வேலையைக் கடல் செலவில்லாமல் செய்து தருகிறது. அதற்கு நாம் கொடுக்க வேண்டியது கொஞ்சம் அவகாசம் மட்டுமே.

நம் ஏரிகளில் நடப்பது

கடல் தூரம் என்று நினைப்பவர்களுக்கு நம் ஏரிகளே இருக்கின்றன. ஏரி மாவட்டம் என்று பெயரெடுத்தது நம்முடையது. வடகிழக்குப் பருவமழையில் ஏரி நிரம்பிக் கலங்கல் வழியும்போது, மீன்கள் புது வெள்ளத்தை எதிர்த்து ஏறும். அவற்றில் பல சினை மீன்கள். முட்டையிட இடம் தேடிப் போகிறவை. அந்த நேரத்தில்தான் கொசுவலையும் கூடையும் எடுத்துக்கொண்டு ஊரே கலங்கலில் நிற்கிறது.

விரால் கதை இன்னும் மோசம். விரால் செடி கொடிகளை விலக்கி இடம் செய்து முட்டையிடும். குஞ்சுகள் செந்நிறக் கூட்டமாக நீர்மட்டத்தில் மூச்சு வாங்க வந்து வந்து போகும். பெற்ற மீன் கீழேயே காவல் நிற்கும், இடத்தை விட்டு நகராது. அந்தச் சிவப்புக் கூட்டம் எங்கே தெரிகிறதோ அங்கே தூண்டிலை இறக்கினால் தாய் மீன் கையில். பிடிப்பவனுக்கு ஒரு மீன் லாபம். காவல் போன பிறகு குஞ்சுக் கூட்டம் முழுவதும் கெளுத்திக்கும் நாரைக்கும் இரை.

அமெரிக்காவிலும் கனடாவிலும் ஏரிகளில் பாஸ் என்ற ஒரு மீன் உண்டு. அதில் ஆண் மீன் பள்ளம் தோண்டி, முட்டைக்கும் குஞ்சுக்கும் காவல் நிற்கும். கூட்டின் மேல் தூண்டில் போட்டால் பசி இல்லாவிட்டாலும் விரட்டுவதற்காகக் கவ்வி மாட்டிக்கொள்ளும். இதை அறிந்துதான் கனடாவின் ஒண்டாரியோ மாகாணத்தின் தென்பகுதியில் ஜூன் மாதம் பாதி தாண்டும் வரை அந்த மீனுக்குத் தூண்டில் போட அனுமதிப்பதில்லை. பொழுதுபோக்குக்காகத் தூண்டில் போடுகிறவர்களுக்கே அங்கே அந்தக் கட்டுப்பாடு.

நமக்கும் இது புதிதல்ல. உத்திரமேரூரில் கி.பி. 919, 921ஆம் ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட கல்வெட்டுகளில் ஏரி வாரியம் வருகிறது. ஏரியைப் பார்த்துக்கொள்ளக் குடவோலையில் ஆளைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். ஏரி மீனுக்குரிய மீன் பாட்டம், பாசிப் பாட்டம் என்ற வரிகளும் பழைய கல்வெட்டுகளில் காணப்படுகின்றன. ஏரி என்பது பொதுச் சொத்து, அதன் வரும்படிக்குக் கணக்கு உண்டு என்பது ஆயிரம் ஆண்டுக்கு முன்பே இந்த மண்ணில் தெரிந்திருக்கிறது.

விட்டு வைக்காதவர்கள் கதை

சினை மீனை விட்டு வைக்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு உலகம் அறிந்த சாட்சி கனடாவின் நியூபவுண்ட்லாந்து. அங்கே காட் என்ற மீன்தான் நாலைந்து நூற்றாண்டாகச் சோறு போட்டது. நம்மவர்கள் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. அந்த ஊர் வியாபாரிகள் பருவத் தொடக்கத்தில் மாவு, சர்க்கரை, கயிறு, உப்பு எல்லாவற்றையும் கடனுக்குக் கொடுத்து, பருவ முடிவில் உப்பிட்ட மீனாக வாங்கி வரவு வைத்துக்கொள்வார்கள். பல தலைமுறை இப்படியே நடந்தது. அதாவது கடைக்காரரின் முதல் கடலில்தான் இருந்தது.

பிறகு பெரிய இழுவைக் கப்பல்கள் வந்தன. முட்டையிடுவதற்காகக் கூட்டங் கூட்டமாகச் சேரும் மீனைக் குளிர்காலத்திலேயே ஆழ்கடலில் போய் அள்ளின. 1968இல் பிடிபட்டது சுமார் 8 இலட்சம் டன். பார்ப்பதற்கு அமோக வியாபாரம். ஆனால் விற்றது லாபத்தை அல்ல, முதலை. 1992ஆம் ஆண்டு ஜூலை 2ஆம் தேதி அரசு மீன்பிடிப்பை அடியோடு நிறுத்த வேண்டியதாயிற்று. ஒரே அறிவிப்பில் சுமார் 30,000 பேருக்கு வேலை போயிற்று. பலர் ஊரைவிட்டே வெளியேறினார்கள். இரண்டு வருடத்துக்கு என்று சொல்லிப் போட்ட தடை 32 ஆண்டு நீடித்து, 2024இல்தான், அதுவும் சிறிய அளவுக்கு மட்டும் தளர்த்தப்பட்டது.

ஆண்டுக்கு 61 நாள் பெரிதா, ஒரேயடியாக 32 ஆண்டு பெரிதா என்பதை வியாபாரிக்கு விளக்க வேண்டியதில்லை.

செலவு யார் தலையில்?

தடை நல்லது என்று நாற்காலியில் உட்கார்ந்து சொல்வது எளிது. அந்த 61 நாளும் உலை வைக்க வேண்டியவர் யார் என்று பார்க்க வேண்டும்.

விசைப்படகில் போகும் தொழிலாளிக்கு மாதச் சம்பளம் கிடையாது. டீசல், ஐஸ் செலவு போக மீதியில் பங்கு. படகு கட்டிக் கிடந்தால் பங்கு இல்லை. அவரோடு ஐஸ் உடைப்பவர், கூடை சுமப்பவர், தலைச்சுமையாக மீன் விற்கும் பெண்கள் எல்லோருக்கும் வரும்படி நிற்கிறது அல்லது குறைகிறது. படகு உரிமையாளருக்கும் சும்மா இருக்க முடியாது. பழுது பார்ப்பதும் வர்ணம் அடிப்பதும் வலை சீராக்குவதும் இந்த மாதங்களில்தான்.

அரசு கடலோர மீனவக் குடும்பங்களுக்குத் தடைக்கால நிவாரணம் வழங்குகிறது. அந்தத் தொகை 8,000 ரூபாயாக உயர்த்தப்படும் என்று 2023 ஆகஸ்டில் அறிவிக்கப்பட்டது. 61 நாளுக்கு வகுத்தால் நாளொன்றுக்கு ஒரு குடும்பத்துக்கு 131 ரூபாய். நாலு பேர் உள்ள வீட்டுக்கு இந்தத் தொகையில் அரிசி, பருப்பு, எண்ணெய் என்ன வரும் என்பது நம்மைவிட யாருக்கு நன்றாகத் தெரியும்? இது தவிர, மீன் வரத்துக் குறைந்த பருவத்துக்கென்று சேமிப்பு நிவாரணத் திட்டம் ஒன்று இருக்கிறது. அதில் மீனவர் 1,500 ரூபாய் செலுத்தினால், மத்திய அரசும் மாநில அரசும் ஆளுக்கு 1,500 சேர்த்து 4,500 ஆகத் திரும்பி வரும். நல்ல திட்டம்தான், ஆனால் துண்டு விழுவதை முழுதும் அடைக்காது.

அந்தத் துண்டை அடைப்பது இரண்டே இடம். ஒன்று, கந்து வட்டிக்காரர். மற்றொன்று, தெருமுனை மளிகைக் கடைக்காரரின் நோட்டு. மீன் பெருகுவதற்காகச் செய்யும் முதலீட்டில் நம் கடற்கரைச் சில்லறை வியாபாரியின் பங்கும் இருக்கிறது என்று நான் சொல்வது இதனால்தான். அவரை நாம் கைவிட்டால் அவர் வாடிக்கையாளரைக் கைவிட வேண்டியிருக்கும். வட்டிக்கு வாங்கியவர் தடையை மீறிக் கடலுக்குப் போகத் துணிவார். போனால் பிடிபடுவது சினை மீன். சுற்றிச் சுற்றி இழப்பு எல்லோருக்கும்தான்.

நாம் செய்யக்கூடியவை

முதலாவது, கடற்கரை ஊர்களுக்குச் சரக்குக் கொடுக்கும் மொத்த வியாபாரிகள், அந்தச் சில்லறைக் கடைக்காரர்களுக்குத் தவணையை ஏப்ரல், மே மாதங்களுக்கு மட்டும் கூட்டிக் கொடுக்கலாம். ஜூன் 14 வரை புதுப் பாக்கி, ஜூலை, ஆகஸ்டில் பாதி பாதியாக வசூல் என்று முன்கூட்டியே பேசி எழுதிக்கொண்டால் இருவருக்கும் மனக்கசப்பு இல்லை. பழைய பாக்கியைப் பங்குனிக்குள் தீர்த்துக்கொள்வது நலம்.

இரண்டாவது, சில்லறைக் கடைக்காரர் தம் வாடிக்கையாளர் எந்தப் படகில் போகிறார் என்று கேட்டறிய வேண்டும். கோவளம், மாமல்லபுரம் பக்கத்தில் பெரும்பாலும் ஃபைபர் படகுகள். தடைக் காலத்தில் கரையோர மீனுக்கு நல்ல விலை கிடைப்பதால் அவர்கள் கையில் பணப் புழக்கம் இருக்கக்கூடும். காசிமேட்டு விசைப்படகுகளுக்குப் பங்குக்குப் போகிறவர் நிலை நேர் எதிர். இருவருக்கும் ஒரே அளவுகோல் வைத்தால் ஒருவரிடம் வசூல் கெடும், மற்றவரிடம் நல்ல பெயர் கெடும்.

மூன்றாவது, கடன் சாமானை அத்தியாவசியத்தோடு நிறுத்திக்கொள்வது. அரிசி, பருப்பு, எண்ணெய், புளி, மிளகாய், குழந்தைகளுக்குப் பால் பவுடர். ஜூன் மாதம் பள்ளி திறக்கும் என்பதால் நோட்டுப் புத்தகச் செலவும் அதே நேரத்தில் வந்து நிற்கும். பகட்டுச் சாமானைக் கடனில் தள்ளிவிடுவது அப்போதைக்கு விற்பனை, பிறகு வாராக் கடன்.

நான்காவது, சரக்கு இருப்பு. பச்சை மீன் விலை ஏறும்போது கருவாடு, முட்டை, பயறு, மொச்சை ஆகியவற்றுக்குக் கேட்பு கூடும். மார்ச் மாதத்திலேயே கொள்முதல் செய்து, கருவாட்டை ஈரம் படாமல் தனியாக வைத்துக்கொள்ள வேண்டும்.

ஐந்தாவது, வாங்கும் இடத்தில் நம் பொறுப்பு. கருவாடு விற்பவர்கள் குஞ்சு மீனையும் சிறிய மீனையும் பிரித்தறிய வேண்டும். நெத்திலி வளர்ந்தாலும் அவ்வளவுதான், அதை வாங்குவதில் தவறில்லை. ஆனால் விரலளவு வஞ்சிரம் என்பது குஞ்சு. கேரளத்தில் 1988 முதலே மழைக்கால இழுவைத் தடை இருக்கிறது. 2015இல் இன்னும் ஒரு படி மேலே போய், இன்ன மீன் இன்ன நீளத்துக்குக் குறைந்தால் பிடிக்கக் கூடாது என்று சட்டம் செய்தார்கள். மத்தி என்றால் 10 சென்டிமீட்டர். சட்டம் இருக்கிறதோ இல்லையோ, குஞ்சுக் கருவாட்டை மூட்டை மூட்டையாக வாங்க ஆள் இல்லை என்றால் அதைப் பிடிக்கவும் ஆள் குறைவார்கள். வலை வீசுகிறவரின் கண் எப்போதும் வாங்குகிறவர் மேல்தான் இருக்கும்.

ஆறாவது, ஏரி மீன் குத்தகை எடுக்கும் அன்பர்கள் நம்மிடையேயும் இருக்கிறார்கள். மழை தொடங்கிய முதல் வாரங்களில் கலங்கலில் ஏறும் மீனை விட்டுவிடுவதும், குஞ்சோடு திரியும் விராலைத் தொடாமலிருப்பதும் அவர்கள் குத்தகைக்கே லாபம். கோடையில் வற்றும்போது மடுவில் கொஞ்சம் மீனை விட்டு வைப்பதும் அப்படியே.

பங்குனி மாதக் கடைசியில் கணக்கு முடிக்கும்போது, கடற்கரை வாடிக்கையாளர்களின் பாக்கியைத் தனி ஏடாகப் பிரித்து எழுதிப் பாருங்கள். யாருக்கு எவ்வளவு தாங்கலாம், எந்தத் தேதிக்குள் வசூலாகும் என்பது அப்போதே தெரிந்துவிடும். சித்திரையில் புதுக் கணக்குப் போடும்போது அந்த 61 நாளையும் சேர்த்தே போட்டுவிடலாம்.